பழவங்காடி தேங்காயும் விழிஞ்ஞம் அலையும்

போன மாதம் பத்து நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: அப்பாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம் கோட்டாறு. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் பலசரக்குக் கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டார். வீடு பழவங்காடியில். மொட்டை மாடியில் நின்றால் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும். நான் மஸ்கட்டில் ஒரு வங்கியில் ஆணி பிடுங்கிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பத்து நாளில் ஒன்பது நாள் வழக்கம்போல பேங்க், ஆதார், பல் டாக்டர், சொந்தக்காரர் வீடு, பழம்பொரி என்று போயிற்று. மிச்சமிருந்த ஒரு நாளில் வீட்டில் நடந்த சண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சண்டைக்குக் காரணம் கடல் அலை.

அக்கா மகள் சிவில் என்ஜினீயரிங் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. மேலே படிக்கப் போகிறாளாம். என்ன படிப்பு? கடலிலிருந்து மின்சாரம் எடுக்கிற படிப்பு. அலை, ஓதம், கடல் வெப்பம், கடலுக்குள் நடுகிற காற்றாலை இதெல்லாம் சேர்ந்து 'மரைன் ரினியூவபிள் எனர்ஜி' என்று எம்.எஸ்ஸி. பிரிட்டனில் ஒரு வருஷம். ஊரில் ஒரு கன்சல்டன்சிக்காரர் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷன் மாதிரி பேசுகிறார், அதுதான் பயமே) அட்மிஷன் கடிதம்வரை வாங்கிக் கொடுத்துவிட்டார். வங்கிக் கடனும் 'நம்மளே ரெடி பண்ணிரலாம்' என்றாராம். வீட்டுப் பத்திரம் மட்டும் இருந்தால் போதுமாம்.

அக்கா ஒரே பிடிவாதம். "கடல்ல என்ன வேலை இருக்கு? வலை இழுக்கப் போறியா? பேசாம கம்ப்யூட்டர் படி. பக்கத்துல டெக்னோபார்க் இருக்கு, மதியம் சோத்துக்கு வீட்டுக்கு வரலாம்." அத்தான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேச மாட்டார். உள்ளே போய் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். அப்பா கடை லாபத்தில் வாங்கி, பிறகு அக்கா பெயருக்கு எழுதி வைத்த வீடு. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"மாமா பேங்க்ல இருக்காங்கல்லா, அவங்க சொல்லட்டும்" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கமணி மஸ்கட்டிலிருந்து வாட்ஸப்பில், "நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். திறந்தேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்குப் பத்து, பதினோரு வயது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி அப்பா என்னை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனார். பதினாறு கிலோமீட்டர்தான். மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, கடலில் நின்றுகொண்டிருந்தது ஒரு பெரிய கான்கிரீட் பெட்டி. கரையிலிருந்து அதற்கு ஓர் இரும்புப் பாலம். "அலையிலருந்து கரண்ட் எடுக்கான். இந்தியாவுலயே இதுதான் முதல்" என்றார் அப்பா, தானே கட்டியதுபோல. உள்ளே போக விடவில்லை. ஆனால் ஒவ்வோர் அலைக்கும் அந்தப் பெட்டி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கொல்லன் துருத்திபோல ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக்கொண்டே வந்து அடி வாங்கினேன்.

அப்பா சொன்னது சரிதான். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் மையம் வடிவமைத்து, மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுத்து, 1991 அக்டோபரில் ஓட ஆரம்பித்த நிலையம் அது. பெட்டியின் எடை சுமார் 3,000 டன். பத்து மீட்டர் ஆழத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை செய்கிற விதம் ரொம்ப எளிது. பெட்டியின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்திருக்கும். அலை உள்ளே ஏறினால் மேலே இருக்கிற காற்று நெருக்கப்பட்டு ஒரு குழாய் வழியாக வெளியே பாயும். அலை இறங்கினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் குழாயில் ஒரு விசிறி. காற்று வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் விசிறி ஒரே பக்கம்தான் சுற்றும். அதுதான் சூட்சுமம். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் 1970களின் கடைசியில் கண்டுபிடித்தது. அவர் பெயராலேயே வெல்ஸ் டர்பைன் என்கிறார்கள். விழிஞ்ஞத்தில் இதிலிருந்து அதிகபட்சம் 150 கிலோவாட்.

150 கிலோவாட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அதுவும் தென்மேற்குப் பருவமழை அடித்து ஆடும்போதுதான். டிசம்பர் ஜனவரியில் கடல் தூங்கினால் விசிறியும் தூங்கும். அங்கே ஒரு மீட்டர் அகல அலையில் வருஷ சராசரி 13 கிலோவாட் அளவுக்குத்தான் சக்தி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இது மூன்று, நான்கு மடங்கு இருக்கும். ஆகவே யூனிட் கணக்கு போட்டுப் பார்த்தால் கட்டுப்படியாகாது. 1993-இல் சென்னையில் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (நியாட் என்று சுருக்கிச் சொல்வார்கள்) பிறகு அந்த நிலையத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விசிறிகளை மாற்றிப் பார்த்தார்கள். 2004-இல் அந்த மின்சாரத்தை வைத்தே கடல்நீரை நன்னீராக்கும் கருவியை ஓட்டினார்கள், நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர். அலையே தன் உப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது! 2011-இல் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

இப்போது விழிஞ்ஞம் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது வேறொன்று. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது, 2025 மே மாதம் பிரதமர் வந்து துறைமுகத்தைத் திறந்து வைத்தார். பழைய கான்கிரீட் பெட்டியைப் பற்றிக் கேட்டால் பஸ் கண்டக்டருக்கே தெரியாது.

சரி, இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், இது என்னைத் தூங்கவிடாத விஷயம். விழிஞ்ஞத்தை மூடிய அதே 2011-இல், ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் முத்ரிகு என்கிற சின்னத் துறைமுகத்தில் ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். அதே தத்துவம். அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகள், அறைக்கு ஒரு வெல்ஸ் டர்பைன், மொத்தம் 16. எல்லாம் சேர்ந்து 296 கிலோவாட். அதாவது நம் பெட்டியைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அவர்களுக்கும் யூனிட் கணக்கு கட்டுப்படியாகாது என்று தெரியும். ஆனால் அதை மின்சாரக் கடையாக மட்டும் நடத்தவில்லை. புது விசிறி கண்டுபிடித்தவன் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கிற பரிசோதனைக் கூடமாகவும் வைத்துக்கொண்டார்கள். நாம் இருபது வருஷம் முன்னால் ஆரம்பித்தோம். அவர்கள் திறந்த வருஷத்தில் நாம் பூட்டினோம்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா, "அதைத்தாண்டா நானும் சொல்லுதேன்! மூடிட்டாம்லா!" என்றாள். அவள் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

பி.காம். படித்தவன் என்கிற முறையில் நானும் முதலில் அக்கா கட்சிதான். இந்தத் துறையில் கடை மூடியவர்கள் பட்டியல் நீளம். ஸ்காட்லாந்தில் பெலாமிஸ் என்று ஒரு கம்பெனி. பாம்பு மாதிரி கடல்மேல் மிதக்கிற இயந்திரம் செய்து, 2004-இல் ஆர்க்னி தீவில் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுத்துப் பெயர் வாங்கியது. 2014 நவம்பரில் திவால் நிலைக்குப் போயிற்று. அடுத்த வருஷமே அக்வாமரைன் என்கிற இன்னொரு கம்பெனி. நம் பக்கம் பார்த்தால், கடல் வெப்பத்திலிருந்து ஒரு மெகாவாட் எடுக்க நியாட் 'சாகர் சக்தி' என்கிற மிதவையைக் கட்டித் தூத்துக்குடிக் கடலுக்குக் கொண்டுபோனது. ஆழத்துக் குளிர்நீரை எடுக்கிற குழாயை இறக்குவதிலேயே சிக்கல். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. இதற்கெல்லாம் மேலே சூரிய மின்சாரம். 2020 டிசம்பரில் குஜராத்தில் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு ஏலம் போயிற்று. அந்த விலையோடு அலை எங்கே போட்டி போடும்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் ஒரே கேள்வி கேட்டாள்.

"மாமா, சாகர் சக்தியை அப்புறம் என்ன பண்ணாங்க?"

எனக்குத் தெரியும். சொல்ல மனசில்லை. அவளே சொன்னாள். 2007-இல் அதே மிதவையைச் சென்னைக் கடலுக்குக் கொண்டுபோய், மேல்நீர் வெப்பத்தையும் ஆழநீர்க் குளிரையும் வைத்து நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலையாக ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 2005-இல், லட்சத்தீவின் கவரட்டியில் அதே முறையில் ஒரு லட்சம் லிட்டர் ஆலை வந்துவிட்டது. பிறகு மினிக்காய், அகத்தி என்று வேறு தீவுகளிலும். கவரட்டிக்காரர்கள் குடிக்கிற தண்ணீர், 'மூடிட்டாம்லா' என்று அக்கா சொல்கிற அந்தக் கடல் ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

"மஸ்கட்ல உங்க வீட்டுக் குழாயில வர்றது எந்தத் தண்ணி மாமா?"

கடல் தண்ணீர்தான். சுத்திகரித்தது. நான் தினமும் அதில்தான் டீ போட்டுக் குடிக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவள் நிதானமாக விளக்கினாள். படிப்பின் பெயரில் அலை இருந்தாலும் சொல்லிக்கொடுப்பது அலையை மட்டும் இல்லை. ஆழத்தில் தூண் நடுவது எப்படி, மிதக்கிற பொருளைச் சங்கிலி போட்டு நிறுத்துவது எப்படி, புயலில் எவ்வளவு விசை வரும், உப்பு எஃகை எப்படித் தின்னும், கடலடியில் கேபிள் போடுவது எப்படி. துறைமுகம் கட்டுகிறவனுக்கும் இது வேண்டும், எண்ணெய்க்கிணறு தோண்டுகிறவனுக்கும் வேண்டும், கடல் காற்றாலைக்கும் வேண்டும். காற்றாலை பற்றிச் சொல்லும்போது அவள் குரலே மாறிற்று. மன்னார் வளைகுடாவில் காற்று அப்படியாம். தமிழ்நாட்டுக் கடலில் மட்டும் 35,000 மெகாவாட்டுக்கு வாய்ப்பு உண்டு என்பது அரசின் மதிப்பீடு. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500. 2022 நவம்பரில் ஐ.ஐ.டி. சென்னைக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி 'சிந்துஜா-1' என்று ஓர் அலை இயந்திரத்தைக் கடலில் இறக்கி 100 வாட் எடுத்தார்கள். (100 வாட்! நம் வீட்டு மின்விசிறிக்குச் சரியாகப் போகும். ஆனால் 1991-இல் 150 கிலோவாட்டைப் பார்த்து வாய் பிளந்தவன் இதற்குச் சிரிக்கக்கூடாது.)

நான் பத்து நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டேன். படிப்பு நல்ல படிப்பு. அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாருக்கும் டெக்னோபார்க் வாசலில் மாலை போட்டு வரவேற்பு நடக்கிறதா என்ன? பொட்டி தட்டுகிற வேலையில் இன்று என்ன நிலவரம் என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஆனால் மேஜைமேல் அந்தப் பத்திரம் அப்படியே இருந்தது. என் விவகாரம் அங்கேதான்.

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். வங்கிக்காரனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. கட்டணம் 30,000 பவுண்டு. சாப்பாடு, வாடகை, குளிர்ச்சட்டை எல்லாம் 12,000. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 48 லட்சம் சொச்சம். வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கி வழக்கமாக 15 சதவீதத்தை நம் கையிலிருந்து போடச் சொல்லும். அது போகக் கடன் தோராயமாக 40 லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள், அதற்குத்தான் பத்திரம். வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். படிக்கிற ஒரு வருஷமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். 'வேண்டாம்' என்றால் வட்டி ஓடாது என்று அர்த்தமில்லை மக்களே, இதைப் பலபேர் கவனிப்பதே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் 8 லட்சத்து 40 ஆயிரம் ஏறிவிடும். ஆக 48 லட்சத்து 40 ஆயிரம். பதினைந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 53,500. கட்டி முடிக்கும்போது 96 லட்சம் கட்டியிருப்பாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது நெருங்கும்.

இந்தப் பக்கம் வரவு. படித்துவிட்டு ஊருக்கே வருகிறாள், அவளுக்கு ஆசையான நியாட்டிலேயே சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடந்த சில வருஷ அறிவிப்புகளில் தொடக்கநிலைத் திட்ட விஞ்ஞானிக்கு மாதம் 56,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். ஒப்பந்த வேலை. 56,000 சம்பளத்தில் 53,500 தவணை. மிச்சம் 2,500 ரூபாய் வைத்துக்கொண்டு பள்ளிக்கரணையில் அவள் கடல் காற்றுதான் குடிக்க வேண்டும்.

அங்கேயே வேலை தேடலாமே என்பீர்கள். தேடலாம். படித்து முடித்தபின் தங்குவதற்கு இதுவரை இரண்டு வருஷ விசா கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதை ஒன்றரை வருஷமாகக் குறைப்பதாக அறிவித்துவிட்டார்கள். மெதுவாக வளர்கிற ஒரு துறையில், பதினெட்டு மாதத்துக்குள், விசா கொடுக்கச் சம்மதிக்கிற கம்பெனியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டை வைத்து விளையாடுகிற ஆட்டம் அது இல்லை.

என் கருத்து இதுதான், யார் திட்டினாலும் பரவாயில்லை. கடல் மின்சாரம் படிக்காதே என்று சொல்கிறவர்கள் தப்பு. அதைப் பெரிய கடன் வாங்கிப் படி என்று சொல்கிறவர்கள் அதைவிடத் தப்பு. இது பொறுமை கேட்கிற துறை. விழிஞ்ஞத்தில் இருபது வருஷம் போராடினார்கள், குழாய் விழுந்தால் மறுபடி குழாய் இறக்கினார்கள், மின்சாரம் வரவில்லை என்றால் தண்ணீர் எடுத்தார்கள். அதெல்லாம் மாதச் சம்பளம் வாங்கி, பிள்ளைகுட்டியோடு நிம்மதியாக வீட்டில் தூங்கியவர்கள் செய்தது. மாதா மாதம் ஐந்தாம் தேதி 53,500 கட்ட வேண்டியவள் அப்படிக் காத்திருக்க முடியாது. இரண்டாம் வருஷமே எந்த வேலை கிடைக்கிறதோ அதில் போய் உட்காருவாள். கடைசியில் அக்கா சொன்ன அதே கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் வருவாள், 48 லட்சம் அதிகம் செலவழித்து. பிடித்த படிப்பைக் கொல்வதற்குக் கடனைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மஸ்கட் வருவதற்கு முன்னால் ஊரில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்தவன் நான். நர்சிங் கடன் அலை அடித்த காலம். ஏஜென்ட் கை காட்டிய கல்லூரிக்கெல்லாம் பிள்ளைகள் போனார்கள். கையெழுத்துப் போட வரும்போது அந்த அப்பாக்கள் முகத்தில் இருந்த சந்தோஷமும், நாலைந்து வருஷம் கழித்து நோட்டீஸோடு வந்து நின்றபோது இருந்த முகமும் இரண்டும் எனக்கு மறக்காது. கேரள அரசே 2017-இல் 900 கோடி ரூபாய் அளவில் கல்விக் கடன் நிவாரணத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விண்ணப்பங்களில் பாதிக்கு நான் பரிந்துரை எழுதியவன். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'வேண்டாம் அண்ணாச்சி' என்று ஒருவருக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் காலாண்டில் கிளைக்கு இலக்கு வேறு இருந்தது.

அதனால் இந்த முறை சொன்னேன். "அத்தான், பத்திரத்தை உள்ளே வைங்க."

அக்கா மகள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவளைக் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். பழவங்காடிப் பிள்ளையாரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி, அது ராணுவம் நிர்வாகம் செய்கிற கோவில். திருவிதாங்கூர்ப் படையின் பிள்ளையார், பிறகு இந்திய ராணுவத்துக்கு வந்தார். பூஜை, வரவு செலவு எல்லாம் கறாராக இருக்கும். எதிரே தேங்காய்க் கடை வரிசை. எந்தக் காரியம் ஆனாலும், ஆகாவிட்டாலும், இங்கே தேங்காய் உடைப்பதுதான் ஊர் வழக்கம். எனக்கு வங்கி வேலை கிடைத்தபோது அப்பா 51 உடைத்தார். சில்லு தெறித்து அவர் நெற்றியில் ஒரு சின்ன வெட்டு, அதை எல்லாரிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே நின்று பேசினோம். நான் சொன்னது இவ்வளவு. முதல் வழி, கேட் எழுது. கடற்படைக் கட்டமைப்பு, கப்பல் பொறியியலுக்கென்று 2022 முதல் தனித்தாளே இருக்கிறது. சிவில் தாளும் எழுதலாம். ஐ.ஐ.டி. சென்னையின் கடல் பொறியியல் துறையில் எம்.டெக். கிடைத்தால் அவர்களே மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருவார்கள். விழிஞ்ஞம் பெட்டியை வடிவமைத்த அதே இடம், அலைத்தொட்டி இருக்கிறது, நியாட் அதே ஊரில் இருக்கிறது. கரக்பூரிலும் இதற்குப் பழைய துறை உண்டு. கடன் பெரிதாக வேண்டியிருக்காது. இரண்டாவது வழி, எராஸ்மஸ் முண்டஸ். பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் முன்னின்று வேறு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தி வந்த கடல் ஆற்றல் முதுநிலைப் படிப்பு. உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோ கையிலும் வரும். போட்டி கடுமை. இந்த வருஷம் சேர்க்கை உண்டா என்று அவர்கள் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். கிடைத்தால் முத்ரிகு பக்கத்திலேயே. மூன்றாவதாகத்தான் பிரிட்டன், அதுவும் முக்கால்வாசி உதவித்தொகையோடு என்றால்.

அவள் சும்மா இருக்கவில்லை. "அலைத்தொட்டி வேற, கடல் வேற மாமா. ஆர்க்னியில 2003-லருந்து நிஜக் கடல்லயே இயந்திரத்தைக் கட்டிப் பாக்குத இடம் இருக்கு. அது மெட்ராஸ்ல கிடைக்காது" என்றாள். உண்மை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்மிடமும் அப்படி ஓர் இடம் இருந்தது, பதினாறு கிலோமீட்டரில், அதை மூடிவிட்டோம் என்பதைத் தவிர. "எம்.டெக். முடிச்சிட்டு பிஎச்.டி.க்குப் போ, அப்ப அவனே சம்பளம் குடுத்துக் கூப்பிடுவான்" என்றேன். "அதுக்கு நாலு வருஷம் ஆகும்." "ஆகட்டும். கடன் இல்லாத நாலு வருஷம்." முறைத்தாள். அப்பாவின் முறைப்பு அப்படியே.

வளைகுடாவில் இருக்கிற நமக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு 48 லட்சம் கடனாக வேண்டியதில்லை, சேமிப்பில் இருக்கும். ஊரில் பிளாட் வாங்கினதை விற்றால் வரும். இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், பிள்ளை ஆசைப்பட்ட படிப்புக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு எது? நான் பேசுவது அது இல்லாமல், இங்கே நம் வேலையை நம்பி ஊரில் அக்கா, தம்பி வீட்டுப் பத்திரத்தில் நாம் ஜாமீன் கையெழுத்துப் போடுகிற வழக்கத்தைப் பற்றி. நம் விசா இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. அந்தத் தவணை பதினைந்து வருஷம்.

ஊரிலிருந்து கிளம்புகிற அன்று காலையில் அக்கா மகள் பிரிட்டன் அட்மிஷனுக்குப் பணம் கட்டவில்லை என்று கன்சல்டன்சிக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அவர் அரை மணி நேரம் பேசினார். 'அங்கிள்கிட்ட போனைக் குடு' என்றாராம். நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னேன் :-)

இப்போது கேட் புத்தகங்கள் வாங்கியாயிற்று. பிப்ரவரியில் தேர்வு. எராஸ்மஸுக்கும் எழுதுகிறாள், அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்பித் திருத்தச் சொன்னாள். அதில் முதல் பத்தியே விழிஞ்ஞம். தாத்தா மாமாவைக் கூட்டிப்போன கதையை எழுதியிருக்கிறாள், பஸ்ஸில் அடி வாங்கினதைத் தவிர. அக்கா இன்னும் சமாதானமாகவில்லை. ஆனாலும் பிள்ளையாருக்கு 101 தேங்காய் நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். இடம் கிடைத்தால் உடைக்க வேண்டியது அவள், காசு கொடுக்க வேண்டியது நான். தேங்காய் விற்கிற விலைக்கு, அந்த ஜாமீனில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.